பழைய கோட்டையில் குடும்பப் படம்: மதில் மறைத்த மஞ்சள் வெயில்

பழைய கோட்டை, அரண்மனை மாதிரி இடத்தில் சாயங்கால வெயிலில் குடும்பப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நாங்கள் இரண்டு தடவை போனோம்.

பாட்டிக்கு அப்போது 86 வயது. நாலு தலைமுறையும் ஒரே படத்தில் இருக்க வேண்டும் என்பது அம்மாவின் வெகுநாள் ஆசை. மொத்தம் ஒன்பது பேர். படம் எடுக்க வந்தவர், சூரியன் மறைய 6.20 ஆகும் என்று ஆப்பில் பார்த்துவிட்டு எங்களை ஐந்தே முக்காலுக்கு வரச்சொன்னார், அரை மணி நேரம் தாராளம் என்றார். உள்ளே போய்ப் பார்த்தால் முற்றம் முழுக்க நிழல். மேற்கு மதிலுக்குப் பின்னால் வெயில் எப்போதோ இறங்கியிருந்தது. எதிரே கிழக்குச் சுவரின் மேல்பாதி மட்டும் தகதகவென்று இருந்தது. அவர் கொஞ்ச நேரம் அங்கும் இங்கும் நடந்து பார்த்துவிட்டு, மதில் மேல் ஏறினால் வெயில் கிடைக்கும் என்றார். படிகள் ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். பாட்டியால் எப்படி முடியும்?

"நீங்க போய் எடுத்துக்கிட்டு வாங்க, நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்" என்றார் பாட்டி.

போனோம். எடுத்தோம். படங்கள் நன்றாகவே வந்திருந்தன, எட்டுப் பேர் சிரித்துக்கொண்டு நிற்கிறோம். அவற்றைத் திறந்து பார்க்க இன்றுவரை எனக்கு மனசு வரவில்லை.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சூரியன் தொடுவானத்துக்கு மேல் சுமார் 6 டிகிரிக்குள் இறங்கிய பிறகு வரும் மஞ்சள் வெயில் நேரத்தைத்தான் கோல்டன் ஹவர் என்கிறார்கள். அந்த உயரத்தில் சூரியன் இருக்கும்போது 10 மீட்டர் மதிலின் நிழல் கிட்டத்தட்ட 95 மீட்டர் நீளும். முற்றம் அதைவிடக் குறுகலாக இருந்தால் தரையில் நிற்கிறவர்கள் மேல் மஞ்சள் வெயில் படவே படாது, எத்தனை மணிக்குப் போனாலும் சரி. ஆப் காட்டுவது தடையே இல்லாத வெட்டவெளிக்கான நேரம், உங்கள் மதில் அதற்குத் தெரியாது. கடற்கரைக்கும் வயல்வெளிக்கும் அது போதும், கோட்டைக்குப் போதாது.

அடுத்த வருஷம் மறுபடி முயற்சி செய்யலாம் என்று அம்மா சொன்னபோது, ஒரு வாரம் முன்னாடியே நான் மட்டும் போனேன். ஐந்து மணியிலிருந்து முற்றத்தில் ஒரே இடத்தில் நின்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போனில் படம் எடுத்தேன். அப்படியே வாசலில் இருந்தவரிடமும் கேட்டுக்கொண்டேன்: எத்தனை மணிக்கு மூடுவார்கள், டிரைபாட் வைக்கலாமா, மடக்கு நாற்காலி கொண்டுவரலாமா என்று. பழைய சின்னங்கள் பலவற்றைச் சூரியன் மறையும்போதே மூடிவிடுகிறார்கள், டிரைபாடுக்குத் தனி அனுமதி கேட்கிற இடங்களும் உண்டு. அன்றைக்குப் போய் நின்றுகொண்டு கெஞ்சுவதைவிட முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. எங்களுக்கு டிரைபாட் கூடாது என்றார்கள், நாற்காலிக்குச் சரி என்றார்கள்.

இந்தத் தடவை படம் எடுத்தவர் ஒரு பெண். நான் அனுப்பிய படங்களைப் பார்த்ததும், "வெயிலைத் தேடிப் பாட்டியை எங்கேயும் கூட்டிக்கிட்டுப் போக வேண்டாம், அந்தக் கிழக்குச் சுவரே நமக்கு விளக்கு" என்றார். எனக்கு உடனே புரியவில்லை. அங்கே போய் அவர் பாட்டியின் நாற்காலியை அந்தச் சுவரைப் பார்த்தாற்போல் போட்டபோதுதான் புரிந்தது. வெயில் படும் அத்தனை பெரிய கல்சுவர் வெளிச்சத்தைத் திருப்பி நம் மேல் விடுகிறது. நிழலில்தான் உட்கார்ந்திருக்கிறோம், ஆனால் முகத்தில் இளமஞ்சள் வெளிச்சம் மெத்தென்று பரவுகிறது. போன வருஷமும் அதே சுவர் அங்கேதான் இருந்தது.

இதில் இன்னொரு நன்மை, கண் கூசாது. பாட்டிக்குக் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து நேர் வெயில் ஆகாது, கண்ணை இடுக்கிக்கொள்வார். அன்றைக்கு முழுசாகத் திறந்த கண்ணோடு உட்கார்ந்திருந்தார்.

கேமரா விஷயமும் கொஞ்சம் கேட்டுவைத்துக்கொண்டேன். படத்தின் நிறச்சாயலைச் சரிசெய்கிற ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் கேமரா அந்த மஞ்சளைக் குறை என்று நினைத்துச் சரிசெய்துவிடுமாம், அதனால் பகல் வெயிலுக்கான அளவான 5500 கெல்வினிலேயே நிறுத்திவைத்திருந்தார். இரண்டு வரிசையும் தெளிவாக விழ லென்ஸின் துளை அளவு எஃப் 8, குழந்தை ஆடினாலும் கலங்காமல் இருக்க ஷட்டர் வேகம் 1/200 நொடி, கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டும் என்கிற ஐஎஸ்ஓ அளவை 800-இல் ஆரம்பித்து வெளிச்சம் குறையக் குறைய ஏற்றிக்கொண்டே போனார். பின்னால் வானம் பளீரென்று தெரியக் கூடாது என்று ஒரு படி மேலே நின்று எடுத்தார். சுவர் செங்கல்லாக இருந்தால் முகம் சிவந்து தெரியும், அதையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அப்புறம், தூணில் யாரும் சாயாதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஒரு இடத்தில் சுண்ணாம்புப் பூச்சு லேசாகக் கைபட்டதற்கே உதிர்ந்ததைப் பார்த்தேன், மனசு பதறிவிட்டது. தயவுசெய்து ஏறுவது, சாய்வது, கலர்ப் புகை விடுவது எதுவும் வேண்டாம்.

ஒன்பது பேரும் நிற்கிற படம் முதல் பத்து நிமிஷத்திலேயே முடிந்தது. எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பது அது இல்லை. எல்லோரும் கலைந்த பிறகு அண்ணன் மகள், மூன்று வயது, பாட்டியின் மடியில் ஏறி அவர் புறங்கையில் புடைத்திருந்த நரம்பை ஒரு விரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள், விட்டால் அது திரும்ப எழும்புவதைப் பார்த்து அவளுக்கு ஒரே ஆச்சரியம். பாட்டி குனிந்து அந்த விரலைப் பார்க்கிறார். சுருக்கம் ஒவ்வொன்றின் ஓரத்திலும் அந்த வெளிச்சம்.

கிளம்பலாம் என்று நாற்காலியை மடக்கப் போனேன். சுவரின் உச்சியில் வெயில் ஒரு முழம்தான் மிச்சம். பாட்டி எழுந்திருக்கவில்லை. "அது போறவரைக்கும் இருந்துட்டுப் போலாமே" என்றார். வாசலில் சாவியோடு நின்றிருந்தவரைப் பார்த்தேன், இருக்கட்டும் என்று கையைக் காட்டினார். எல்லோரும் பாட்டியைச் சுற்றித் தரையில் உட்கார்ந்துகொண்டோம்.