மேடையில் ஒரு நாக்கு, முற்றத்தில் ஒரு நாக்கு: இவரிடம் பட்டவர்கள் சொல்லுங்கள்

கருங்கல் அக்கா:

மூன்று வருடமாக நெஞ்சுக்குள் வைத்துக் குமைந்ததை இன்றைக்குக் கொட்டிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதர் பேசிய வீடியோவை எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் சித்தப்பா போட்டு, "பேசினா இப்படிப் பேசணும் மக்களே" என்று எழுதியிருந்தார். பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெயர் சொல்லப் போவதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கம் கூட்டம் கேட்கப் போகிறவர்களுக்கு ஆள் யாரென்று தானாகவே தெரியும். வெள்ளைக் கதர்ச் சட்டை, இடது தோளில் மடித்த துண்டு, பேசத் தொடங்கும் முன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் நிற்பது. வரதட்சணை ஒழிப்பா, குடி ஒழிப்பா, மகளிர் தினமா, எதுவானாலும் இவர்தான் சிறப்புப் பேச்சாளர். தோள்சீலைப் போராட்டத்தைத் தொடாமல் மேடையை விட்டு இறங்க மாட்டார். "1859-ல் மார்பை மறைக்கும் உரிமையை வாங்கின பாட்டிமாருடைய பேத்திகளை இன்றைக்கு நாம் தராசில் ஏற்றி விலை பேசுகிறோமே" என்று அவர் குரல் கம்மும்போது முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள். நானும் ஒரு தடவை துடைத்திருக்கிறேன். அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது.

இவருடைய இளைய மகனுக்கு என் தங்கையைக் கேட்டுத் தரகர் வந்தார். அப்பா கேரளத்தில் கொத்தனார் வேலை பார்த்து எங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தவர். தங்கை நர்சிங் முடித்து திருவனந்தபுரத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஆள் யாரென்று கேட்டதும் அப்பாவுக்கு நம்பவே முடியவில்லை. "அவியளா? அவிய நம்ம வீட்டுக்கு வருவாவளா?" என்று மூன்று தடவை கேட்டார்.

வந்தார்கள். இரண்டு கார், ஒன்பது பேர். முந்தின ராத்திரி 12 மணி வரை அம்மா இருந்து முந்திரிக்கொத்து சுட்டிருந்தாள். மட்டிப் பழம், ஏத்தங்காய் சிப்ஸ், அச்சுமுறுக்கு எல்லாம் தட்டில் வைத்தோம். அவர் நாலு முந்திரிக்கொத்து தின்றார், எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். தின்றுவிட்டுச் சொன்னார்: "ஸ்ரீதனம்ங்கிற வார்த்தை எங்க வீட்டு வாசப்படி தாண்டாது, கேட்டியளா. பிள்ளைய மட்டும் தாருங்க, உடுத்த துணியோட." அப்பா எழுந்து நின்று கும்பிட்டார். அடுக்களையில் அம்மா அழுதாள்.

அப்புறம், காற்று வாங்குகிறேன் என்று முற்றத்துக்கு இறங்கினார். தென்னையை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இந்த ரோட்டோரம் எத்தன சென்டு வரும்? பட்டா யாரு பேர்ல?" என்று கேட்டார். விவசாயத்தில் ஆசை உள்ளவர் போல என்று நினைத்து அப்பா வெள்ளந்தியாகப் பதில் சொன்னார். திரும்பி வந்து உட்கார்ந்து, இரண்டாவது டீயைக் குடித்துக்கொண்டே மடியில் வைத்து ஏதோ எழுதினார். கூட்டத்துக்குக் குறிப்பு எழுதுகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அவர்கள் போன பிறகு நாற்காலியை எடுத்து வைக்கும்போது அந்த நோட்டு கீழே கிடந்தது. சட்டைப் பைக்குள் அடங்குகிற சின்ன நோட்டு, மேலே இரண்டு சிவப்பு ரப்பர் பேண்ட். யாருடையது என்று பார்க்கத்தான் திறந்தேன். முதல் பக்கத்தில் அடுத்த வாரப் பேச்சு. குண்டு குண்டாக அழகான கையெழுத்து. "பெண்ணை எடை போடாதீர்" என்று எழுதி அடியில் இரண்டு கோடு. பக்கத்தில் அடைப்புக்குள், "இங்கே நிறுத்தவும், கைதட்டல்."

நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பினேன். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தது. ஊர், பவுன், ரொக்கம், சென்ட், கார். மொத்தம் ஏழு வீடு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தனி வரி, அது என்னவென்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை. நாங்கள் நாலாவது வீடு. எங்கள் வரியில் மை இன்னும் சரியாகக் காயாமல் எதிர்ப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்துகூட நான் சேர்க்கவில்லை: "75. நெருக்கினால் 100. ரோட்டோரம் 12 சென்ட், அப்பன் பேரில். நிறம் கம்மி, 10 கூட்டலாம். ஆண் பிள்ளை இல்லை, பின்னால் முழுதும் வரும்."

எங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, எங்கள் டீயைக் குடித்துக்கொண்டே எழுதினது இது.

தங்கை நின்றபடியே வாசித்தாள். அழவில்லை. "எக்கா, எனக்க நிறத்துக்கு 10 பவுனாம்" என்றாள், அவ்வளவுதான். அன்றைக்குப் பிறகு ஒரு வருடம் அவள் பவுடர் போட்டு நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலையிலேயே தரகர் போன் வந்தது. "சாரு ஒண்ணும் கேக்கல்ல. ஆனா மூத்த மருமவ 101 பவுன் போட்டுட்டு வந்தவ. இளையவ கொறஞ்சு வந்தா உங்க பிள்ளைக்கில்லா கொறச்சல்?" வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். அரைமணி நேரத்தில் நோட்டைத் தேடி அவருடைய டிரைவர் வந்து நின்றான். கொடுத்துவிட்டோம்.

அதோடு விட்டாரா? ஒரு மாதத்துக்குள் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. "அந்தப் பிள்ளைக்கு வலிப்பு உண்டு, மறச்சுக் கட்டிக்குடுக்கப் பாத்தாவ, சாரு எப்படியோ தப்பிச்சாரு" என்று. அடுத்தடுத்து மூன்று சம்பந்தம் வாசல் வரை வந்து திரும்பியது. யார் சொன்னது என்று ஒவ்வொரு வாயாக விசாரித்துக்கொண்டே போனோம். கடைசி வாய் அவர் வீட்டில்தான் இருந்தது.

ராத்திரி ஓட்டைப் பிரித்து இறங்குகிற கள்ளனை நான் மன்னிப்பேன். அவன் முகத்தை மூடிக்கொண்டு வருகிறான், பிடிபட்டால் அடி வாங்குகிறான். இந்த ஆள் பட்டப்பகலில், வெள்ளைச் சட்டையில், அம்மா கையால் சுட்டதைத் தின்றுவிட்டு, அப்பாவைக் கும்பிட வைத்து, பெற்ற பிள்ளையின் தோல் நிறத்துக்கு விலை எழுதிக்கொண்டு போனார். 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டம் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடம் என்று மேடைக்கு மேடை மார் தட்டுவார். அந்த எழுத்தறிவை வைத்துக்கொண்டு அவர் எழுதினது அந்தக் கட்டங்களைத்தான்.

இவரிடம் பட்டவர்கள் வேறு யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். எங்கள் வீட்டுக்கு மட்டும் நடந்தது என்று என்னால் நம்ப முடியவில்லை.

குலசேகரம் பால்வெட்டு:

கண்ணை மூடி நிற்பார் என்று படித்ததுமே ஆள் புரிந்துவிட்டது. 9 வருடம் அவருடைய விளையில், அதாவது தோட்டத்தில், ரப்பர் வெட்டினவன் நான். காலை 3 மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ஏறினால் 420 மரம் முடிக்க விடிந்துவிடும். அப்புறம் பால் எடுத்து, உறைய வைத்து, ஷீட் அடித்துக் காயப் போட்டுவிட்டு வீடு சேர மத்தியானம் ஆகும். மழைநாளில் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. அது எல்லா விளையிலும் உள்ளதுதான். சிரட்டையில் ஒட்டியிருக்கிற ஒட்டுப்பாலை வெட்டுகிறவனே எடுத்துக்கொள்ளட்டும் என்று முதல் நாள் பேசியிருந்தார். ஒரு தடவைகூடத் தரவில்லை. கேட்டால், "உழைப்பாளி கையேந்தப்படாதுடே" என்பார். மே தினத்தில் இதே வாயால்தான் உழைப்பாளி உரிமை பேசினார், நானும் துண்டை விரித்து முன்னால் உட்கார்ந்து கேட்டேன்.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அடித்த நாள். மறுநாள் விடிந்து போய்ப் பார்த்தால் 160 மரம் முறிந்தும் வேரோடு சாய்ந்தும் கிடந்தது. எனக்கு அதுதான் சோறு. விளையைத் துப்புரவாக்க மூன்று வாரம் நானும் என் மனைவியும் வேலை செய்தோம். "கஷ்டத்தில கூட நிக்கணும்" என்று ஒரு பைசா தரவில்லை. மரத்தைத் தடிக்காரனுக்கு விற்ற காசு மட்டும் வந்தது, அது அவருக்கு. இதற்கு மேல் ஒன்று உண்டு. தூத்தூர், வள்ளவிளைக் கரையில் கடலுக்குப் போனவர்கள் திரும்பாமல் வீட்டுக்கு வீடு அழுகை கேட்ட நாள் அது. நிவாரணம் என்று சொல்லி எங்கள் ஆறு பேரிடமும் பழைய கூலிப் பாக்கியில் ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்தார். அந்தக் காசில் அரிசி மூட்டை வாங்கி, தன் பெயரைத் துணியில் எழுதிக் கட்டி, கரையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். எங்கள் காசு என்று அங்கே அரிசி வாங்கின ஒருவருக்கும் தெரியாது.

தக்கலை சமையல்:

மூத்த மகன் கல்யாணத்துக்குச் சமையல் நான்தான். 1,200 இலை. எரிசேரி, புளிசேரி, அவியல், ஓலன், அடைப்பிரதமன், போளி, ஒரு குறை சொல்ல முடியாது. எளிமைத் திருமணம் என்று பத்திரிகையில் அச்சடித்திருந்தார். 18,000 ரூபாய் பாக்கி இன்றுவரை வரவில்லை. நாலு தடவை போனேன். "சமூகத்துக்குச் செஞ்சதா நெனச்சுக்கோ" என்றார்.

பழைய மாணவன்:

எல்லோரும் ஒரே பக்கமாக எழுதுகிறீர்கள், நானும் சொல்ல வேண்டும். பிளஸ் டூவில் எனக்கு அவர் வீட்டுத் திண்ணையில் வைத்துக் காசு வாங்காமல் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் இல்லாவிட்டால் நான் இன்ஜினியர் ஆகியிருக்க மாட்டேன். பேசுகிற அளவுக்கு யாராலும் வாழ முடியாது. ஒரு நோட்டை வைத்து ஒரு மனிதனை முடித்துவிடாதீர்கள்.

கருங்கல் அக்கா:

தம்பி, அவர் உனக்குச் செய்ததை நான் இல்லை என்று சொல்லவில்லை. நன்றி மறக்காமல் எழுதினாய், நல்லது. ஆனால் பேசுகிற அளவுக்கு வாழ முடியாமல் போவது வேறு. கோபம் வரக்கூடாது என்று நானும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், எனக்கும் வருகிறது. அது சறுக்கல். இவர் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். கைதட்டல் எங்கே வரும் என்பதும், எந்த வீட்டை எவ்வளவு நெருக்கலாம் என்பதும் ஒரே நோட்டில், ஒரே கையெழுத்தில் இருந்தது. உன் தங்கை நிறத்துக்கு ஒருவன் 10 பவுன் போட்டிருந்தால் நீ இப்படி எழுதுவாயா?

அருமனை தம்பி:

மூன்று நாளாக இதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். எழுதலாமா வேண்டாமா என்று அம்மாவிடமும் கேட்டேன். அந்த 101 பவுன் என் அக்காவுடையது.

அருமனையில் எங்களுக்கு இருந்த 30 சென்ட் ரப்பரை விற்றுத்தான் அந்த நகை உருப்படி வாங்கினோம். அவர் எங்கள் வீட்டிலும் அதே வார்த்தைதான் சொன்னார், உடுத்த துணியோடு என்று. தரகர் மறுநாள் எங்களுக்கும் போன் செய்தார். கல்யாணம் முடிந்த நாலாம் நாள், "வீட்டுல இருந்தா பயமில்லா" என்று எல்லாவற்றையும் அவர் மனைவி பெயரில் உள்ள லாக்கரில் கொண்டு வைத்தார்கள். அதற்குப் பிறகு அக்கா அதைக் கண்ணால் பார்க்கவில்லை. எட்டு மாதமாகக் குழந்தையோடு எங்கள் வீட்டில் இருக்கிறாள். போன மாதம் மாமா மகள் கல்யாணத்துக்குக் கவரிங் மாலை போட்டுக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

நானும் அப்பாவும் போய் உருப்படியைக் கேட்டோம். அவர் கோபப்படவே இல்லை. துண்டைச் சரிசெய்துகொண்டு, சிரித்துக்கொண்டே சொன்னார்: "எந்தப் பொன்னு? நான் வரதட்சணை வாங்காதவன்னு இந்த ஜில்லாவுக்கே தெரியும். நீங்க சொன்னா யாரு நம்புவா?"

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. இத்தனை வருடம் அவர் மேடை ஏறினதெல்லாம் இந்த ஒரு பதிலுக்காகத்தான். அந்தப் பேச்சுகள்தான் அவருக்குச் சாட்சி. நாங்கள் யாரைக் கூட்டிக்கொண்டு போவோம்?

நாகர்கோவில் வக்கீல்:

அருமனை தம்பி, பயப்படாதீர்கள். 1961-ம் வருட வரதட்சணைத் தடைச் சட்டத்தில் வாங்குவது மட்டுமல்ல, கேட்பதே குற்றம். 4-வது பிரிவில் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரை சிறை உண்டு. 6-வது பிரிவுதான் உங்களுக்கு முக்கியம். கல்யாணத்தில் கொடுத்த பொருளை யார் கையில் வாங்கியிருந்தாலும் மூன்று மாதத்துக்குள் பெண்ணின் கையில் ஒப்படைக்க வேண்டும். கொடுத்தவர்கள் மீதும் கேஸ் வரும் என்று பயந்து நிறையப் பேர் வாயை மூடிக்கொள்கிறார்கள். பாதிக்கப்பட்டவர் கொடுக்கும் வாக்குமூலத்தை வைத்து அவர் மீதே இந்தச் சட்டத்தில் வழக்குப் போட முடியாது, அதுவும் 7-வது பிரிவிலேயே இருக்கிறது. நகைக்கடை பில், கல்யாண ஆல்பம், நிலம் விற்ற பத்திரம் மூன்றையும் எடுத்து வையுங்கள். மாவட்ட சமூகநல அலுவலரிடம் மனுக் கொடுக்கலாம், 181 பெண்கள் உதவி எண்ணுக்கும் கூப்பிடலாம். அவர் தரப்பில் எழுத்தில் ஏதாவது கிடைத்தால் ரொம்ப நல்லது.

கருங்கல் அக்கா:

தம்பி, இதைப் படித்ததும் தங்கைக்குப் போன் செய்தேன். டிரைவர் வாசலில் நிற்கும்போதே நோட்டின் பின்பக்கம் முழுவதையும் அவள் போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள். மூன்று வருடமாக என்னிடம்கூடச் சொல்லவில்லை. இப்போதுதான் அனுப்பினாள். பெரிதாக்கிப் பார்த்தேன். எனக்கு அன்றைக்குப் பிடிபடாத அந்த மேல் வரியில், அதே குண்டுக் கையெழுத்தில் இருக்கிறது: "மூத்தவள், அருமனை. 101 வந்தது. லாக்கர்."

உன் அக்காவிடம் சொல். திங்கட்கிழமை மனு வாங்கும் நாள். காலை 10 மணிக்கு நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நானும் தங்கையும் நிற்போம். அவள் லீவு போட்டுவிட்டாள். குலசேகரத்து அண்ணனும் வருகிறேன் என்று தனியாகச் செய்தி போட்டிருக்கிறார்.