தேவதைக் கதை தீம்ல பிறந்தநாள் வச்சவங்க, உங்க அனுபவத்தைச் சொல்லுங்களேன்

ஐந்து வயதுக்காரியின் அம்மா:

முதல்ல என் கூத்தைச் சொல்லிடறேன். "கதைக்குள்ள போற மாதிரி பர்த்டே வேணும்"னு மகள் கேட்டா. நான் அதைக் கோட்டைன்னு புரிஞ்சுக்கிட்டேன். மூணு ராத்திரி கண்விழிச்சு, அட்டைப்பெட்டியெல்லாம் வெட்டி ஒட்டி, செங்கலுக்குச் செங்கல் கோடு போட்டு ஒரு கோட்டை கட்டினேன். விழா அன்னிக்குக் காலைல ஃபேன் போட்டதும் முன்பக்கச் சுவர் குப்புற விழுந்துடுச்சு. ஒட்டி நிமிர்த்தினா மறுபடி விழுது. அழாத குறைதான்.

வேற வழியில்லாம ஒரு பழைய பெட்ஷீட்டை அறை வாசல்ல தொங்கவிட்டு, நடுவுல கீழிருந்து பாதி வரைக்கும் கிழிச்சு, காகித இலைகளை ஒட்டினேன். குனிஞ்சு நுழைஞ்சா காடு. நுழையறதுக்கு முன்னாடி காவல்காரர் காதுல பேரை ரகசியமா சொல்லணும். காவல்காரர் யாரு? அவ அப்பாதான், தலைல வடிகட்டியைக் கவுத்துக்கிட்டு! பெரிய திட்டம் எல்லாம் இல்ல, அந்த நேரத்துக்குத் தோணினது. ஒவ்வொரு குழந்தையும் அஞ்சாறு தடவை வெளிய வந்து வந்து பேர் சொல்லி நுழைஞ்சுது. நாலாவது தடவையிலிருந்து பேரையெல்லாம் மாத்திச் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க, ஒருத்தன் தன் பேர் "இடி"ன்னான். சாஞ்சு கிடந்த கோட்டையை ஒருத்தரும் ஏறெடுத்துப் பாக்கல.

உங்களுக்கு எது எடுபட்டுது, எது சொதப்புச்சு?

இரட்டையர் அம்மா:

எங்க வீட்டுல சண்டையே வேஷத்துலதான் ஆரம்பிச்சுது. வந்த ஒன்பது பேர்ல ஏழு பேர் இளவரசி. யார் நிஜ இளவரசின்னு ஒரே பஞ்சாயத்து. மறுவருஷம் உஷாராயிட்டோம். அழைக்கும்போதே "வேஷம் போட்டு வர வேண்டாம், இங்க கிடைக்கும்"னு சொல்லிட்டு, ஒரு கூடை நிறைய துணித்துண்டு மட்டும் வச்சோம். தோள்ல போட்டா அரசன், இடுப்புல சொருகினா வால். டிராகன் ஆன பையன் ஒருத்தனைப் பாத்துட்டு பாதிப் பேர் டிராகனாவே மாறிட்டாங்க.

கிரீடம் செய்யறவங்களுக்கு ஒரு விஷயம். நாலஞ்சு வயசுக் குழந்தையோட தலைச் சுற்றளவு சுமாரா 50 சென்டிமீட்டர் வரும். அட்டைப் பட்டையை 60க்கு வெட்டி வச்சுட்டு, குழந்தை வந்தப்புறம் தலைல சுத்திப் பாத்து ஒட்டணும். முன்கூட்டியே ஒட்டி வச்சா ஒண்ணு மூக்குல வந்து நிக்கும், இன்னொண்ணு உச்சந்தலையில ஏறி உக்காரும். ஸ்டேப்ளர் அடிச்சா பின் முனை வெளிப்பக்கமா இருக்கணும், மேல டேப்பும் ஒட்டிடுங்க. ஜிகினாத்தூள் மட்டும் வேண்டவே வேண்டாம். எட்டு மாசம் கழிச்சுப் போர்வையை உதறினப்போகூட மின்னுச்சு.

மூன்று வயதுக்காரனின் அப்பா:

நான் செஞ்ச தப்பை யாரும் செய்யாதீங்க. சிவப்புத் தொப்பிக்காரி கதையை "அசல்" வடிவத்துல சொல்றேன்னு கிளம்பினேன். பிரெஞ்சுக்காரர் பெரோ 1697ல அச்சிட்ட வடிவத்துல ஓநாய் பாட்டியையும் விழுங்கும், பிள்ளையையும் விழுங்கும், கதை அத்தோட சரி. வேட்டைக்காரன் வந்து காப்பாத்தற பகுதி கிரிம் சகோதரர்களோட 1812 தொகுப்புலதான் வருது. இதையெல்லாம் படிச்சுட்டு நாலு பேர் நடுவுல மேதாவித்தனத்தைக் காட்டினா என்ன ஆகும்? "முழுங்கிடுச்சு, கதை முடிஞ்சுது"ன்னு நான் சொன்ன அடுத்த நொடி மூணு குழந்தைங்க ஒரே சுருதியில அழுதுச்சு. அதுல ஒண்ணு எங்க வீட்டுப் பிறந்தநாள் நாயகன்.

என் மனைவிதான் காப்பாத்தினா. "ஓநாய்க்கு வயித்துவலி, பாட்டியைத் திருப்பித் துப்பிடுச்சு, இப்ப அது தன்னோட கண்ணாடியைத் தேடுது"ன்னு அவ எடுத்துவிட்டதும் எல்லாரும் சோபாவுக்கு அடியில தேட ஓடிட்டாங்க. அப்புறம் முகமூடி. அதை மாட்டிக்கிட்டுத் திடீர்னு வந்து நிக்காதீங்க. குழந்தைங்க பாக்கும்போதே மாட்டுங்க, அவங்க கேக்கும்போதெல்லாம் கழட்டிக் காட்டுங்க.

பாலர் பள்ளி ஆசிரியை ஒருவர்:

இருபது வருடமாகச் சின்னக் குழந்தைகளோடு இருப்பவள் என்கிற உரிமையில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலான பெற்றோர் நேரத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். (மேலே விழுந்த கோட்டையைச் சொல்லவில்லை!) ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். மூன்று மணி நேரம் வைத்தால் கடைசி ஒரு மணி நேரம் முழுக்க அழுகைதான்.

கதை ஒன்றே ஒன்று எடுங்கள். சிண்டரெல்லாவையும் தவளை இளவரசனையும் ஒரே நாளில் கலந்தால் குழந்தைகளுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. சிண்டரெல்லாவுக்குச் செலவே இல்லாத விளையாட்டு ஒன்று உண்டு. எல்லோரும் ஒரு கால் செருப்பைக் கழற்றிக் குவியலாகப் போட வேண்டும். ஆளுக்கு ஒன்றை எடுத்து, அது யாருடையது என்று கண்டுபிடித்துப் போட்டுவிட வேண்டும். தோற்பவர் யாரும் இல்லை. பேசாமல் மூலையில் நின்ற பிள்ளையும் இதில் கலந்துகொள்ளும், ஏனென்றால் அதன் செருப்பு இன்னொருவர் கையில் இருக்கிறதே!

அலங்காரத்தில் இரண்டு இடங்களில் கண் வேண்டும். ஊதாத பலூனும் வெடித்த பலூன் துண்டும் எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குத் தொண்டையை அடைக்கக் கூடியவை. பலூன் உடைந்தால் உடனே பொறுக்கிவிடுங்கள். குட்டி மின்விளக்கிலும் மினுங்கும் மந்திரக்கோலிலும் இருக்கும் பட்டன் பேட்டரி இன்னும் மோசம். விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். மூடி திருகாணி போட்டு இறுகியிருந்தால் ஒழிய வாங்காதீர்கள்.

நாலு வயதுக்காரனின் அம்மா:

நாங்க எடுத்தது ஜாக்கும் அவரைக்கொடியும் கதை. மந்திர விதையிலேர்ந்து வளர்ந்த கொடியில ஏறி ஒரு பையன் ராட்சசன் வீட்டுக்குப் போவானே, அது. தரையில சாக்பீஸால ராட்சசன் பாதம் வரைஞ்சு, அதுமேலயே நடந்து போய்ப் புதையலைக் கண்டுபிடிக்கணும். அரை மணி நேரம் ஓடினதே தெரியல. கிளம்பும்போது ஆளுக்கு ஒரு டம்ளர்ல ஈரப்பஞ்சும் ரெண்டு "மந்திர விதை"யும் குடுத்தோம். நாலஞ்சு நாள்ல முளை விட்டு, போட்டோ மேல போட்டோ வந்துது. ஒரே ஒரு விதை மட்டும் மறுநாள் ஒரு குட்டியோட மூக்குலேர்ந்து டாக்டர் எடுத்துக் குடுத்தார். கூட வந்த தங்கச்சிப் பாப்பா அது, அண்ணன் டம்ளர்லேர்ந்து எடுத்திருக்கு. வீட்டுல அந்த வயசுக் குட்டி இருந்தா விதையைத் தவிர்த்துடுங்க, அந்த அம்மா முகத்தை நான் இன்னும் நேரா பாக்க முடியல.

ஐந்து வயதுக்காரியின் அம்மா:

ஆசிரியை அம்மா, என் கோட்டையைக் கிண்டல் பண்ணினதை மன்னிச்சுட்டேன். 🙂 செருப்பு விளையாட்டை அடுத்த வருஷத்துக்குக் குறிச்சு வச்சாச்சு.

பெட்ஷீட்டைக் கழட்ட இன்னும் அனுமதி கிடைக்கல. வடிகட்டியும் அவ தலைலதான் இருக்கு. நேத்து கூரியர் கொண்டுவந்தவர் கதவைத் தட்டினார். இவ முந்திப் போய்க் காதை நீட்டி, "உங்க பேரை ரகசியமா சொல்லுங்க"ன்னா. பாவம், அந்த மனுஷன் பொட்டலத்தைக் கீழ வச்சுட்டு, குனிஞ்சு சொல்லிட்டுப் போனார். என்ன பேர்னு கேட்டா எனக்குச் சொல்ல மாட்டேங்கறா.