ஏரியில் தக்கை கட்டிப் பிடிக்க எந்த ஃப்ளை ராட்? – புதுப்பிப்பு

கனடாவின் கம்லூப்ஸ் பகுதி ஏரிகளில் தக்கை கட்டி ரெயின்போ ட்ரவுட் பிடிப்பதற்கு என்னிடமுள்ள 9 அடி, 5 வெயிட் ஃப்ளை ராடே (பூச்சிப் போலியை வீசி மீன் பிடிக்கும் தூண்டில் கம்பு; வெயிட் என்பது அது வீசும் லைனின் கனத்தைக் குறிக்கும் எண்) போதுமா என்று ஏப்ரலில் கேட்டிருந்தேன். பலரும் சொன்னபடி 10 அடி, 6 வெயிட் ராட் ஒன்றை வாங்கி, டங்க்வா ஏரியில் மூன்று வார இறுதிகள் பயன்படுத்திவிட்டு இதை எழுதுகிறேன்.

படகில் உட்கார்ந்தபடி வீசும்போதுதான் அந்த ஓர் அடியின் அருமை தெரிகிறது. லைனின் முனையில் கட்டிய 18 அடி லீடர் என்ற மெல்லிய நரம்பின் நுனியில், ஏரித் தரைக்கு ஓர் அடி மேலே கைரோனமிட் (கொசு போன்ற, கடிக்காத சிறு பூச்சி) கூட்டுப்புழுப் போலி தொங்கிக்கொண்டிருக்க, தக்கை மெல்ல ஒருபுறம் சாய்ந்ததும், நீர்மேல் தளர்ந்து கிடக்கும் லைனை நீளமான ராட் ஒரே இழுப்பில் தூக்கிக் கொக்கியைப் பதித்துவிடுகிறது. ஆனால் லைனைச் சுருட்டும்போது தக்கை ராடின் நுனி வளையத்தில் முட்டி நின்றுவிட்டால், மீனை வலைக்கருகே கொண்டுவர 10 அடியும் உதவாது. மீன் சிக்கியதும், தக்கையைப் பிடித்திருக்கும் முளை கழன்று லீடரில் வழுக்கி இறங்கும் தக்கையே வேண்டும். இது தெரியாமல் முதல் நாளே ஒரு நல்ல மீனைக் கோட்டைவிட்டேன்.

மிக விறைப்பான ராட் மெல்லிய டிப்பெட்டை (லீடரின் கடைசி இழையை) அறுத்துவிடும் என்று அப்போது வந்த எச்சரிக்கையும் நியாயமானதே. நான் வாங்கியது நுனி சற்று இளகியது. பழைய 5 வெயிட்டை விற்கவில்லை, காற்றடங்கிய மாலைகளில் நீர்மேல் மிதக்கும் பூச்சிப் போலியை வீச அதுவே இதமாக இருக்கிறது.