"அவங்க அப்பாவக் கேட்டுட்டு வரேன்": எச்.பி.வி. ஊசியும் சென்னைப் பெற்றோரும்

புதன்கிழமைக்காரர்

சென்னையில் புதன் என்றால் ஊசிக் கிழமை. ஒன்றரை மாதக் குழந்தைக்கு ஒரே நாளில் மூன்று ஊசி, இரண்டு சொட்டு மருந்து என்றாலும் குழந்தையின் தொடையைப் பிடித்துக் காட்டுகிற அதே அம்மா, எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் மகளுக்குக் எச்.பி.வி. என்ற வைரஸால் வரும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குத் தடுப்பூசி என்றதும் "அவங்க அப்பாவக் கேட்டுட்டு வரேன்" என்று கிளம்பிவிடுகிறார்.

முதலில் வரும் கேள்வி எப்போதும் "சைடு எஃபெக்ட் இருக்கா?" அதற்கு எவ்வளவு நல்ல பதில் சொன்னாலும் பயன் குறைவு, ஏனென்றால் அவர் கேட்க வந்தது அதுவல்ல. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்று கேட்பார் பாருங்கள், "கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு இது எதுக்கு சிஸ்டர்?" என்று, அதுதான் விஷயம்.

இன்னொரு மாற்றமும் தெரிகிறது. இந்தியாவிலேயே தயாராகும் எச்.பி.வி. ஊசியான செர்வாவேக் 2000 ரூபாய் என்று கடைக்கு வந்த சமயத்தில் விலைதான் தடையாக இருந்தது. 14 வயதுச் சிறுமிகளுக்கு இலவசமாகப் போட 36 கோடி ரூபாய் என்று 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் அறிவித்த பிறகு, "சும்மா குடுக்கறாங்கன்னா ஏதோ இருக்கு" என்கிறார்கள். ரெண்டாயிரம் கேட்டாலும் தப்பு, சும்மா கொடுத்தாலும் தப்பு!

ஊசி போடும் வேலையில் இருப்பவர்கள் எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம். வந்த கேள்வி, சொன்ன பதில், எது எடுபட்டது, எது கவிழ்ந்தது என்பது மட்டும் போதும்.

குழந்தைகள் ஓ.பி.

அந்தச் செருப்புக் கேள்விக்கு இரண்டு தவறான பதில்கள் உண்டு. ஒன்று, வராந்தாவில் எல்லார் காதிலும் விழும்படி பாலுறவு வழியாகப் பரவும் கிருமி என்று பாடம் எடுப்பது. பாட்டி உடன் வந்திருந்தால் பேத்தியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவார். இரண்டாவது, அதை அடியோடு மறைப்பது. அன்று இரவே அந்தப் பெண்ணோ அண்ணனோ செல்போனில் தேடிப் படித்துவிடுவார்கள். "நம்மகிட்ட மறைச்சுட்டாங்க" என்ற கோபம் ஊசி மீது திரும்பும். முதல் தவறைவிட இதற்குச் சேதம் அதிகம்.

சொல்லும் வரிசையில்தான் சூட்சுமம். முதலில் நோய். இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகத்துக்கு அடுத்தது இதுதான். அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த ஒரு சித்தியோ பக்கத்து வீட்டு அக்காவோ எல்லாருக்கும் நினைவுக்கு வருவார். அடுத்து வயது. 9 முதல் 14 வரை உடம்பு எதிர்ப்பணுக்களை அள்ளித் தருகிறது, அதனால் 6 மாத இடைவெளியில் இரண்டு தவணை போதும். 15 வயது ஆகிவிட்டால் மூன்று தவணை ஆகிவிடும். இந்த வயதில் ஒரே தவணையும் நல்ல பாதுகாப்புத் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொல்லிவிட்டது. அதனால் ஊருக்கு ஊர் எண்ணிக்கை மாறும், பெற்றோர் குழம்புவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேட்டால் மட்டும் மூன்றாவது, தணிந்த குரலில்: "கல்யாணத்துக்கு அப்புறம் புருஷன்கிட்ட இருந்து வரலாம்மா. கிருமி உள்ள வந்தப்புறம் இந்த ஊசி அதை விரட்டாது, அதான் இப்பவே." பழியை மருமகன் தலையில் போட்டதும் பாட்டியும் தலையாட்டுவார். முழு உண்மை இன்னும் கொஞ்சம் அகலம்தான், ஆனால் இதில் பொய் ஏதும் இல்லை.

"எங்க பரம்பரையில கேன்சரே கிடையாது" என்பவர்களிடம் இது பரம்பரை வழியாக வருவதில்லை, வைரஸால் வருவது என்ற ஒரு வரி போதும்.

குழந்தை பிறக்காமல் போய்விடும் என்ற பேச்சு புதிதல்ல. போலியோ சொட்டு மருந்துக்கும் இதையேதான் சொன்னார்கள். "அதெல்லாம் வதந்தி" என்று ஒதுக்கினால் எடுபடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்: வைரஸின் மேலோட்டுப் புரதம் மட்டும், ஈஸ்டில் வளர்த்து எடுத்தது. உள்ளே மரபணு கிடையாது, அதனால் பெருகவும் முடியாது. ஆஸ்திரேலியாவில் 2007-இலேயே பள்ளிச் சிறுமிகளுக்குப் போடத் தொடங்கிவிட்டார்கள், அவர்களில் பலர் இன்று பிள்ளை பெற்றவர்கள். ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்றுநோய் பதிவாகவில்லை என்று 2024-இல் ஆய்வு வந்தது. ஆனால் ஓ.பி.யில் எடுபடுவது ஆஸ்திரேலியாதான். "போட்டுக்கிட்டவங்களுக்குக் குழந்தை இருக்கு" என்பது ஆய்வைவிட வேகமாகப் போய்ச் சேருகிறது.

முகாம் மேசை

பள்ளி முகாம் கெடுவது பெரும்பாலும் மயக்கத்தால்தான். பதின்ம வயதுப் பெண்களுக்கு எந்த ஊசி போட்டாலும் சிலருக்குத் தலை சுற்றும். காலையில் சாப்பிடாமல் வந்தவள், வெயிலில் பிரேயர் முடித்து நின்றவள், முன்னால் பத்துப் பேர் முகம் சுளிப்பதைப் பார்த்துக்கொண்டே வரிசையில் நகர்ந்தவள் என்று மூன்றும் ஒருத்தியிடம் சேர்ந்தால் விழுவாள். ஒருத்தி விழுந்தால் அடுத்த பத்து நிமிடத்தில் இன்னும் நான்கு பேர். ஒரு மணி நேரத்தில் வாசலில் அப்பாமார்கள்.

தடுக்கும் வழி எளிது. முகாமைச் சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு வையுங்கள். ஊசி போடும் இடத்தைத் திரையோ பீரோவோ வைத்து மறையுங்கள், நிற்கும் வரிசை வேண்டாம், பெஞ்சில் உட்கார வைத்து ஐந்தைந்து பேராக அழையுங்கள். போட்டபின் எழுந்து வகுப்புக்கு ஓடவிடாதீர்கள். மயக்கம் வருவதானால் பெரும்பாலும் முதல் 15 நிமிடத்துக்குள் வந்துவிடும். அரசு முகாமில் எப்படியும் 30 நிமிடம் உட்கார வைக்கிறோம், அதைக் குறைக்க வேண்டாம்.

விழுந்துவிட்டால் கைத்தாங்கலாக உட்காரவைப்பதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், ஓரிரு நிமிடத்தில் கண் திறப்பாள். நாடி மெதுவாக, தோல் வெளிறி, வியர்த்திருந்தால் சாதாரண மயக்கம். நாடி வேகமாக ஓடி, உடம்பில் தடிப்பு, மூச்சில் விசில் சத்தம், உதடு வீக்கம் என்றால் அது ஒவ்வாமை. தாமதிக்காமல் அட்ரினலின், ஆயிரத்தில் ஒரு பங்கு வலிமை, தொடைத் தசையில் 0.5 மி.லி., சிறிய உடம்பு என்றால் 0.3. மிக அபூர்வம்தான், ஆனாலும் பெட்டியைத் திறந்து அட்ரினலின் காலாவதித் தேதியைப் பார்த்த பிறகே முதல் பெண்ணை அழைக்க வேண்டும்.

ஒப்புதல் படிவம் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளிக்கிழமை கொடுத்து அனுப்புங்கள், அப்பா வீட்டில் இருக்கும் ஞாயிறு நடுவில் வரட்டும். செவ்வாய் கொடுத்துப் புதன் கேட்டால் வெற்றுத்தாள்தான் திரும்பும். ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு வார்டன் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போடவே போடாதீர்கள். அப்போதைய ஆந்திராவின் கம்மத்திலும் குஜராத்திலும் நடந்த எச்.பி.வி. திட்டம் 2010-இல் நிறுத்தப்பட்டதற்கு இதுவும் காரணம். அங்கே இறந்த ஏழு சிறுமிகளின் சாவுக்கும் ஊசிக்கும் தொடர்பு தெரியவில்லை என்றுதான் விசாரணை சொன்னது, பாம்புக்கடி, நீரில் மூழ்கியது என்று காரணங்கள் வேறு. ஆனால் படிவங்களில் வார்டன்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஊரார் நினைவில் நின்றது அதுதான்.

குளிர்ப்பெட்டி

பெற்றோர் குப்பியைப் பார்க்கக் கேட்டால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். காட்டுங்கள், செல்போனில் படமும் எடுக்கட்டும். பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றையும் விரல் வைத்துக் காட்டி, சிரிஞ்சு உறையை அவர்கள் கண்ணெதிரே கிழியுங்கள். அரை நிமிட வேலை.

ஆனால் காட்டும்போது ஒன்று நடக்கும். நின்றிருந்த குப்பியின் அடியில் வெள்ளையாக மாவுபோலப் படிந்து, மேலே தெளிந்த நீராக இருக்கும். "கெட்டுப்போன மருந்து" என்ற எண்ணம் அங்கேயே விழுந்துவிடும். அது அலுமினிய உப்பு, மருந்தோடு சேர்ந்ததுதான். மெல்லக் குலுக்கினால் அரிசி கழுவிய தண்ணீர்போல ஒரே சீராகக் கலங்க வேண்டும். குலுக்கியும் திரிதிரியாகத் தெரிந்தால் ஒதுக்கி வையுங்கள்.

இந்த மருந்துக்குச் சூட்டைவிட உறைபனி பெரிய எதிரி. 2 முதல் 8 டிகிரி, ஒருமுறை உறைந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான். சென்னை வெயிலுக்குப் பயந்து டீப் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ்பேக்கை நேராக மருந்து எடுத்துப்போகும் கேரியரில் அடுக்குவதால்தான் உறைகிறது. வெளியே வைத்து, மேலே முத்துமுத்தாக வியர்த்த பிறகும் காதருகே ஆட்டிப் பாருங்கள், உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும். அதன்பிறகு நான்கு ஐஸ்பேக்கையும் அடுக்குங்கள். ஏ.சி. அறையில் இதற்கு அதிக நேரம் ஆகும், வெளியே எடுத்துவைக்கும் நேரத்தை அதற்கேற்ப முன்னே தள்ளுங்கள்.

தனியார் கிளினிக்கில் போட்டுக்கொள்பவர்களுக்கு: மருந்துக்கடையில் வாங்கி, பாலிதீன் கவரில் வண்டி ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு வராதீர்கள். கிளினிக்கிலேயே வைத்திருக்கும் மருந்தைக் கேளுங்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்றும் தாராளமாகக் கேட்கலாம். ஃப்ரிட்ஜின் நடுத்தட்டு சரி. கதவுத்தட்டும் ஃப்ரீசரை ஒட்டிய இடமும் சரியில்லை.

ராயபுரம் வாசகி

களத்தில் கொஞ்சம் கசப்பான ஒன்றும் இருக்கிறது, யாரும் எழுதவில்லை. புது ஊசி என்றதும் சென்னையில் இன்னும் "விவேக் சார் போட்டுக்கிட்டு ரெண்டு நாள்ல போயிட்டார்" என்கிறார்கள். மறுத்துவிட்டுக் கடந்துபோக முடியாது. 2021 ஏப்ரல் 15 அன்று மக்களுக்குத் தைரியம் சொல்லவே அவர் கொரோனா ஊசி போட்டுக்கொண்டார், 17 அன்று இறந்தார். நாள்கணக்கு அவர்கள் சொல்வதுதான்.

"அது வேற ஊசிங்க" என்றால் பேச்சு முடிந்தது, ஆளும் போய்விடுவார். நடந்ததை ஒப்புக்கொண்டு தொடங்குங்கள். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாய் முழுக்க அடைத்திருந்தது என்று மருத்துவமனை அன்றே சொன்னது. அப்படிக் கொழுப்பு படிய ஆண்டுகள் ஆகும். ஊசிக்குப் பின் வரும் பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழுவும் பிறகு ஆராய்ந்து ஊசிக்குத் தொடர்பில்லை என்றது. ஆனால் அந்த முடிவு வர மாதங்கள் ஆயின, சந்தேகம் வந்தது ஒரே நாளில். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா முகாமில் ஊசி பற்றிய வாட்ஸ்அப் வதந்தி முந்திக்கொண்டதும் இப்படித்தான்.

ஆகவே என்ன வரும் என்பதை நாம் முந்திக்கொண்டு சொல்ல வேண்டும். கை வலி பெரும்பாலானவர்களுக்கு வரும், இரண்டு மூன்று நாள் இருக்கும். சிலருக்கு லேசான காய்ச்சல், தலைவலி. ஊசிக்கு முன்பே பாராசிட்டமால் வேண்டாம், காய்ச்சல் வந்தால் எடை பார்த்துக் கொடுக்கலாம். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள், நல்லெண்ணெயும் வேண்டாம். மாதவிடாய் நாளிலும் போடலாம். சொல்லிவைத்த வலி வந்தால் "நர்ஸம்மா சொன்னாங்கல்ல" என்று இருந்துவிடுவார்கள். சொல்லாத வலி என்றால் இரவு பத்து மணிக்குத் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

புதன்கிழமைக்காரர்

எல்லாம் பேசி முடித்ததும் அம்மாக்கள் கேட்கும் கடைசிக் கேள்வி ஒன்று உண்டு: "அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?" பலரும் "உங்களுக்கு வயசாயிடுச்சும்மா" என்று சிரித்து அனுப்பிவிடுகிறார்கள். அங்கேதான் ஆளை விடுகிறோம். 30 வயதுக்கு மேல் அவருக்கு வேண்டியது பரிசோதனை. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பது, வெள்ளையாக மாறும் இடம் இருந்தால் மேல்சிகிச்சைக்கு அனுப்புவது. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு கிடையாது. மகளுக்கும் 30 வயதில் இது வேண்டும், ஏனென்றால் ஊசி முக்கியமாகத் தடுக்கும் 16, 18 என்ற இரு வைரஸ் வகைகளால் வருவது இந்தப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதம்தான்.

அம்மா பரிசோதனைக்கு உள்ளே போய்விட்டு வந்தால், மகளின் படிவத்தில் கையெழுத்துக்கு அப்பாவைக் கேட்கும் பேச்சு பெரும்பாலும் எழுவதில்லை.

இரண்டாவது தவணைத் தேதியை "6 மாதம் கழித்து" என்று எழுதாதீர்கள். மாதம், தேதி, புதன்கிழமை என்று முழுதாக எழுதி, அட்டையைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆறு மாதத்தில் வாடகை வீடு மாறுகிறவர்கள் இந்த ஊரில் ஏராளம், அட்டை எந்த மூட்டையில் போனது என்று யாருக்கும் தெரியாது.