மின்மினி வேஷத்துக்கு விளக்கு வைத்த அனுபவம்

எங்களுக்குக் கேரளத்தில், பாலக்காட்டு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். மூன்றாவது படிக்கும் மகளுக்குப் பள்ளியில் மாறுவேடப் போட்டி வந்தது. நோட்டீஸில் மலையாளத்தில் பிரச்சன்ன வேஷம் என்று போட்டிருந்தார்கள். பாரதியார் வேண்டாம், ஜான்சி ராணி வேண்டாம், ஓணத்து மாவேலி ராஜாவும் வேண்டாம், மின்மினிதான் வேண்டும் என்றாள். 2022ல் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில், உலாந்தி வனச்சரகத்துக் காடே மின்மினிகளால் ஒன்றுபோல மினுங்கியதே, அந்த வீடியோவை அவள் மாமா செல்லில் காட்டிய நாளிலிருந்து இதே பேச்சு.

நான் முதலில் செய்தது தப்பு. பாலக்காட்டில் நான்கு வெள்ளை எல்இடி வாங்கி வந்து, 9 வோல்ட் பேட்டரியில் ஒன்றை நேராக வைத்தேன். பளீரென்று எரிந்தது, பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது, அணைந்தது. சாயங்காலம் தம்பி வந்து பார்த்தான். அவன் வயரிங் வேலைக்குப் போகிறவன். "அக்கா, வெள்ளை எல்இடிக்கு 3 வோல்ட் போதும். அதுக்கு மேல குடுத்தா எவ்வளவு கரண்ட் வந்தாலும் இழுத்துக்கிட்டு எரிஞ்சு போயிரும். ரெசிஸ்டர் போட்டாத்தான் அடங்கும்" என்றான். பென்டார்ச் செல் மூன்றை வரிசையாகப் போட்டால் 4.5 வோல்ட். ஒவ்வொரு எல்இடிக்கும் தனித்தனியாக 220 ஓம் ரெசிஸ்டர். நீளக் கால் பிளஸ், குட்டைக் கால் மைனஸ். இவ்வளவுதான் விஷயம்.

பவர் பேங்க் வைத்தும் பார்த்தோம். அரை நிமிடத்தில் தானாகவே நின்றுவிட்டது. இழுக்கிற கரண்ட் ரொம்பக் குறைவாக இருந்தால் செல்போன் சார்ஜ் ஏறி முடிந்தது என்று நினைத்துச் சில பவர் பேங்குகள் அணைந்துவிடுமாம்.

பட்டன் செல் வைத்தால் எடையே இருக்காது என்று கடையில் சொன்னார்கள். நான் மறுத்துவிட்டேன். வீட்டில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாயில் போடும் இரண்டு வயதுப் பையன் இருக்கிறான். அந்த வட்டச் செல் உணவுக் குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்துபோகும். யார் செய்தாலும் ஸ்க்ரூ போட்டு மூடுகிற செல் பெட்டியாகவே வாங்குங்கள். இதை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

இனி வெளிச்சம். மின்மினிக்கு அடிவயிற்றின் நுனியில்தான் வெளிச்சம், அதுவும் மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம். பச்சை எல்இடி போட்டால் கடை போர்டு மாதிரி இருந்தது. வெள்ளை எல்இடிக்கு மேல் மஞ்சள் கண்ணாடித்தாள் ஒன்று, பச்சை ஒன்று சுற்றியதும் அந்த நிறம் கிடைத்தது. ஆனாலும் எல்இடிகள் தனித்தனிப் புள்ளிகளாகக் கண்ணைக் குத்தின. பால் வெள்ளை ஷாம்பு பாட்டிலின் அடிப்பாகத்தை வெட்டி, உள்பக்கம் உப்புத்தாளால் தேய்த்து, எல்இடிகளை வெளியே பார்க்காமல் உள்சுவரைப் பார்க்கத் திருப்பி ஒட்டினேன். அப்புறம் பல்பே தெரியவில்லை, வயிறு முழுக்க ஒரே ஒளி. நாள் முழுக்க இதற்காகத்தான் அலைந்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது.

பட்டென்று எரிந்து பட்டென்று அணைந்தால் மின்மினி ஆகாது என்று மகள் சொன்னாள். அவள் சொன்னது சரிதான். தம்பி 4700 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்றை, அதாவது கரண்டைக் கொஞ்ச நேரம் தேக்கி வைக்கிற பாகத்தை, எல்இடிகளுக்குக் குறுக்கே சேர்த்தான். கோடு போட்ட பக்கம் மைனஸ், மாற்றிக் கொடுக்கக் கூடாது. உள்ளங்கையில் இருக்கிற அழுத்து சுவிட்சை விட்டதும் வெளிச்சம் மெல்லத் தேய்ந்து அணைகிறது. அதைப் பார்த்து அம்மிணி குதித்த குதி!

மறுநாள் மதியம் முற்றத்தில் நிற்கவைத்துப் பார்த்தால், எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. போட்டியோ காலை 11 மணிக்கு, ஜன்னலெல்லாம் திறந்த ஹாலில். எல்இடியைக் கூட்டுவோம் என்றான் தம்பி. எனக்கு வேறு யோசனை. மின்மினியும் வண்டு இனம்தானே, மேலே கெட்டியான இரண்டு மூடி இறக்கை உண்டு. அதைக் கறுப்பு சார்ட்டில் பெரிதாகச் செய்து, உள்பக்கம் கறுப்பு வெல்வெட் ஒட்டினேன். அவள் திரும்பி நின்று இறக்கையை லேசாக விரித்தால், அந்த இருட்டுக்குள் வெளிச்சம் நன்றாகத் தெரிந்தது.

போட்டியில் இரண்டாம் பரிசு. சின்ன வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் நின்று இறக்கைக்குள் எட்டிப் பார்த்ததைத்தான் அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

*செங்கோட்டையிலிருந்து ஓர் உறுப்பினர்:*

அக்கா, நான் என் அண்ணன் மகனுக்கு முருகன் வேல் செய்தேன். பிவிசி பைப் தண்டு, ஃபோம் ஷீட்டில் இலை, 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப். ஸ்ட்ரிப்பை இஷ்டத்துக்கு வெட்டியதில் ஒரு துண்டு எரியவே இல்லை. மூன்று எல்இடிக்கு ஒரு தடவை கத்தரிக்கோல் குறி இருக்கும், அங்கேதான் வெட்ட வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. நீங்கள் சொன்ன மாதிரியே, ஸ்ட்ரிப்பை முன்னால் ஒட்டாமல் இலையின் பின்பக்க விளிம்பில் ஒட்டினேன். வேலைச் சுற்றி ஒளி விளிம்பு கட்டியது போல இருந்தது. ஆனால் பையன் ஆட்டிய ஆட்டத்தில், ஈயம் வைத்துப் பற்றவைத்த இடத்தில் வயர் விட்டுப்போனது. உங்களுக்கு அப்படி ஆகவில்லையா?

*பதில்:*

ஆச்சு தம்பி, போட்டியன்று காலையிலேயே ஒரு எல்இடி போனது. வயர் விறைப்பாக இருந்தால் குனிந்து நிமிரும்போது இழுபட்டு, பற்றவைத்த இடத்தில்தான் அறுகிறது. அதனால் ஒவ்வொரு பற்றுக்கும் பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வயரை வளையமாகத் தொங்கவிட்டு, வளையத்தின் இரண்டு முனையையும் துணியோடு சேர்த்து ஊசி நூலால் நாலு தையல் போட்டேன். இழுப்பு தையலில் நின்றுவிடும், பற்று வரைக்கும் போகாது. வேலுக்குத் துணி இல்லையே, பைப்பில் துளை போட்டு நூலால் கட்டிவிடு. செல் பெட்டியை முதுகில் வைக்காதே, பிள்ளை உட்காரும்போது குத்தும். நான் இடுப்புப் பட்டையில் பக்கவாட்டில் ஒரு பை தைத்து அதில் போட்டேன்.