கே.பி. சுந்தராம்பாள் நிகழ்ச்சி: எங்கே தொடங்குவது, எந்தச் சுருதி?

செம்பூர்_சுருதி:
மும்பை மாட்டுங்காவில் ஒரு சின்ன அரங்கில், நாடக, சினிமா நடிகையும் பாடகியுமான கே.பி.எஸ். வாழ்க்கையைப் பாட்டோடு சொல்லும் அரை மணி நேர நிகழ்ச்சி. பாட ஒரு பெண், ஒரு ஆண்; ஆர்மோனியம், மிருதங்கம் உண்டு. ‘ஒளவையார்’ படத்தில் தொடங்கச் சொல்கிறார்கள். சரிவருமா? ஒரே இசைத்தட்டுப் பாட்டு யூடியூபில் இரண்டு சுருதியில் கிடைக்கிறது. எதை எடுப்பது?

பின்பாட்டு:
‘ஒளவையார்’ வந்தது 1953இல். 1908இல் கொடுமுடியில் பிறந்தவர், அதற்குள் ஒரு முழு நாடக வாழ்க்கையை முடித்துவிட்டார். அங்கே தொடங்கினால் விபூதியும் வெள்ளைப் புடவையும்தான் தெரியும். கணவரும் நாடக நடிகருமான எஸ்.ஜி. கிட்டப்பாவோடு ஜோடியாக மேடையை ஆண்ட வள்ளி காணாமல் போய்விடுவாள்.

பாதி நேரத்தை, முருகன் வள்ளியை மணக்கும் ‘வள்ளி திருமணம்’ நாடகத்துக்கே கொடுங்கள். தினைப்புனத்தில் பறவை விரட்டும் ஆலோலம், நாரதரோடு கொஞ்சம் தர்க்கம், பிறகு ஆண் குரலில் ‘காயாத கானகத்தே’. இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துச் சொச்சம்தான். அதனால் பாட்டு அதில் நறுக்கென்று முடிந்துவிடும். மேடைக்கு அது போதாது: முதலில் தாளமில்லாமல் விருத்தம், ஆர்மோனியம் பின்தொடர வேண்டும், பல்லவி எடுக்கும்போதுதான் மிருதங்கம் சேர வேண்டும்.

1933இல் கிட்டப்பா மறைந்தபோது சுந்தராம்பாளுக்கு 25 வயது. இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டார். 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராக அவரே நடித்ததை இதோடு சேர்த்துச் சொல்லுங்கள். ‘ஒளவையார்’ அதற்கப்புறம் வரட்டும்.

தந்தி_78:
சுருதி மாறுவதற்குக் காரணம் வேகம். தட்டைச் சுழற்றும் வேகம் ஆறு சதவீதம் கூடினால் சுருதி அரைக் கட்டை (கட்டை என்பது சுருதியின் உயர அளவு) ஏறிவிடும். அந்தக் காலத் தட்டுகள் எல்லாம் சரியாக நிமிடத்துக்கு 78 சுற்றில் பதிவானவையும் அல்ல. வேகம் கூடிய பிரதியில் பிருகாக்கள் (வேகமான சுர உருட்டல்கள்) பொடிப்பொடியாகக் கேட்கும், வல்லினம் கடித்தாற்போல் விழும். குறைந்த பிரதியில் குரல் கனத்து இழுக்கும். உச்சரிப்பு இயல்பாக இருக்கும் பிரதியை எடுங்கள். சுருதிப் பெட்டியை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. அன்றைய ஆர்மோனியங்களே ஒன்றுபோல் இருந்ததில்லை.

அவருடைய கட்டையை அப்படியே பிடிக்கவும் வேண்டாம். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசை வரை எட்டுவதற்காகப் பாடிய உயரம் அது. உங்கள் பாடகி மேல் பஞ்சமத்தில் (மேல் ஸ்தாயி ‘ப’) நெரிக்காமல் நிற்கும் கட்டை எதுவோ, அதுதான் உங்களுக்குச் சரி. ஒத்திகையின் கடைசியில், தொண்டை களைத்திருக்கும்போது சோதியுங்கள்.

பின்பாட்டு:
மைக்கை வாயருகே வைத்தால் உச்சஸ்தாயியில் ஒலி பிளக்கும். ஒரு சாண் தள்ளி வைத்து, மேலே போகும்போது பாடகி இன்னும் கொஞ்சம் பின்வாங்கட்டும். சின்ன அரங்கில் ஆர்மோனியத்துக்குத் தனி மைக் வேண்டாம். விருத்தத்தில் சொல்லை அது மூடிவிடும்.

செம்பூர்_சுருதி:
நன்றி. நிறைவில் எந்தப் படம்?

பின்பாட்டு:
‘துணைவன்’, 1969. பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அதற்குத்தான். ஒரு பாட்டு, முழுதாக.