அரியமானில் "எப்போதும் இடுப்பளவுதான்" என்று சொன்னவர் கொஞ்சம் வந்து பதில் சொல்லவும்

மண்டபம் வடகரை
நேற்று எங்கள் மண்டபத்துக்குப் பக்கத்து அரியமான் கடற்கரையைப் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். புதிதாகச் சின்னப் படகு வாங்கியவர்களுக்கு அறிவுரையாம். "அரியமான் பக்கம் ஆண்டு முழுக்க அலையே கிடையாது, நூறு மீட்டர் உள்ளே போனாலும் இடுப்பளவுதான் தண்ணீர், கண்ணை மூடிக்கொண்டு படகை இறக்கலாம்" என்கிறார் ஒருவர். அவருக்குப் பின்னால் கடல் அசையாமல் கிடக்கிறது. தலைமுடி மட்டும் கடலைப் பார்த்துப் பறக்கிறது! ஆடி மாதக் கச்சான் காற்று அது, தென்மேற்கிலிருந்து வருவது. தரையிலிருந்து கடலுக்குள் அடிக்கிறது. அலை எழாததற்குக் காரணமே அந்தக் காற்றுதான். துடுப்புப் பிடிக்கத் தெரியாதவன் அந்த நேரத்தில் படகில் உட்கார்ந்தால் போவது சுலபம். திரும்பி வருவது எப்படி என்று ஒரு வார்த்தை சொன்னாரா? பார்த்ததும் வயிறு எரிந்துவிட்டது.

அரியமான் அலை
அந்தக் காணொளி என் சிநேகிதருடையது. இடுப்பளவு என்பது உண்மை. நான் அந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவன். இடுப்பளவு தண்ணீரில் படகு கவிழ்ந்தால் என்ன ஆகும்? எழுந்து நின்று நடந்து வரலாம். இதற்குப் போய் இவ்வளவு பெரிய கட்டுரையா?

மதுரை வைகை
வணக்கம். நான் காற்றடைக்கும் கயாக் (சின்னத் துடுப்புப் படகு) ஒன்று வாங்கியிருக்கிறேன். இரண்டு பேர் உட்காரலாம். தை மாதம் வரலாம் என்று எண்ணம். எங்கே இறக்கினால் நல்லது?

மண்டபம் வடகரை
"நடந்து வரலாம்." சரி, நீங்கள் நடந்து வந்துவிட்டீர்கள். படகு? காற்றடைத்த படகின் அடிப்பாகம் தண்ணீருக்குள் கொஞ்சம்தான் இறங்கும். முழு உடம்பும் காற்றுக்குப் பாய் மாதிரிதான் நிற்கும். ஆள் இறங்கிய அடுத்த நிமிடம் அது ஓட ஆரம்பிக்கும். இடுப்பளவு தண்ணீரில் நடந்து அதைப் பிடித்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், மாலை போடுகிறேன். பிடிக்கிறேன் என்று பின்னாலேயே போவார்கள், நெஞ்சளவு, கழுத்தளவு என்று. ஆபத்தே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இன்னொன்று. கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் கரைக்காற்றில் கரையோரம் மட்டும்தான் கடல் சும்மா இருக்கும். அலை வளர இடம் வேண்டும். உள்ளே போகப் போக அந்த இடம் அதற்குக் கிடைக்கிறது. கரையில் நின்று பார்ப்பவனுக்கு அலையின் முதுகுதான் தெரியும், முகம் தெரியாது.

அரியமான் அலை
நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. நூறு மீட்டரில் இடுப்பளவா, இல்லையா?

மண்டபம் வடகரை
யாருடைய இடுப்பு? உங்கள் இடுப்பா, உங்கள் மகன் இடுப்பா?

கீழக்கரை மரைக்கார்
மதுரைத் தம்பி தை மாதம் என்கிறார், இவர்கள் ஆடி மாதத்துக்குச் சண்டை போடுகிறார்கள். தம்பி, தையில் வாடை ஓய்ந்திருக்காது. அரியமான் இருக்கிற பாக் நீரிணைப் பக்கம் தண்ணீர் கலங்கி, குட்டைக் குட்டை அலையாக முட்டிக்கொண்டே இருக்கும். ஆழமில்லாத கடலில் அலை நெருக்கமாக வரும், படகில் உட்காரவே முடியாது. எங்கள் மன்னார் வளைகுடாப் பக்கம் வாருங்கள். அந்த மாதத்தில் கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் எல்லாம் அடங்கிக் கிடக்கும். மண்டபத்துக்காரர்களுக்குத் தங்கள் வீட்டு வாசல்தான் கடல், மற்றதெல்லாம் உப்பளம்.

மண்டபம் வடகரை
மரைக்கார் காக்கா, உங்கள் கரையிலும் அதே கதைதான், பக்கம்தான் மாறுகிறது. வாடை வடகிழக்கிலிருந்து வருகிறது. தென்கரையில் நிற்பவனுக்கு அது கரைக்காற்று. அதனால்தான் அடங்கிக் கிடக்கிறது. தள்ளினால் எங்கே தள்ளும்? பாரின் மேல், அதாவது கடலடிப் பாறைத் திட்டின் மேல். உங்கள் பக்கம் பவளப்பார் கிடப்பது உங்களுக்குத் தெரியாததா? காற்றடைத்த படகு அதில் ஒரு தரம் உரசினால் போதும். பாரைத் தாண்டினால் தீவு. தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை 21 தீவு, 1986லிருந்து தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் காலை வைக்க முடியாது. "சும்மா ஒதுங்கினேன்" என்று சொன்னாலும் விசாரணைதான்.

தென்கடலில் இன்னொரு வம்பும் இருக்கிறது. உள்ளூரில் காற்றே இல்லாத நாளிலும் தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கிளம்பிய பெருவீக்க அலை வந்து கரையில் ஏறும். கள்ளக்கடல் எச்சரிக்கை என்று ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் அறிவிக்கிறதே, அது இதற்குத்தான்.

கீழக்கரை மரைக்கார்
பார், தீவு, கள்ளக்கடல் எல்லாம் பிறந்ததிலிருந்து பார்க்கிறோம். எங்கள் முன்னோர் பாய்க்கப்பலில் இலங்கைக்கும் அதற்கு அப்பாலும் வியாபாரத்துக்குப் போனவர்கள். கடலைப் பற்றி மண்டபத்திலிருந்து பாடம் வரும் என்று நினைக்கவில்லை.

அரியமான் அலை
இடுப்பளவு. இன்னும் பதில் இல்லை. குறித்துக்கொள்ளுங்கள்.

தொண்டி வத்தை
இந்த மாவட்டத்தில் மண்டபமும் கீழக்கரையும்தான் இருக்கிறதா? காரங்காடு என்று ஒரு ஊர் இருக்கிறது. அலையாத்திக் காடு. வனத்துறையும் ஊராரும் சேர்ந்து படகுச் சவாரி நடத்துகிறார்கள், கயாக்கும் விடுகிறார்கள். இரு பக்கமும் மரம், கூட ஊர் ஆள். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் மரம் தடுக்கும். புதிதாகப் பழகுகிறவன் அங்கே துடுப்புப் பிடித்துப் பழகிவிட்டு அப்புறம் கடலுக்கு வரட்டும். இதை யாரும் சொல்ல மாட்டீர்கள், ஏனென்றால் அது தொண்டிப் பக்கம்.

மண்டபம் வடகரை
காரங்காடு நல்ல இடம்தான், ஆனால் அது கடல் இல்லை. பேச்சு கடலைப் பற்றி.

தொண்டி வத்தை
உப்புத் தண்ணீர், மீன், நண்டு, படகு எல்லாம் இருக்கிறது. கடல் இல்லையாம். பாய்மரப் படகுப் போட்டியில் எங்கள் வத்தை முன்னால் வந்தபோதும் இப்படித்தான், "அது சரியான சுற்று இல்லை" என்றீர்கள். மறக்கவில்லை.

மண்டபம் வடகரை
போட்டியை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்? அந்த வத்தை மிதவையைச் சுற்றவில்லை. கரையில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள்.

தொண்டி வத்தை
கரையில் நின்றது முழுக்க உங்கள் ஆட்கள்.

மதுரை வைகை
ஐயா, பாம்பன் பாலத்துக்கு அடியில் ஓட்டிக்கொண்டு போய்ப் படம் எடுக்கலாமா? புதுத் தூக்குப் பாலம் அழகாக இருக்கிறது.

மண்டபம் வடகரை
தம்பி, வேண்டவே வேண்டாம். இரண்டு கடலும் அந்தக் குறுகிய வாய்க்கால் வழியாக மாறிப் பாய்கிறது. நீரோட்டம் அங்கே ஒரு காலத்தில் வடக்கே இழுக்கும், இன்னொரு காலத்தில் தெற்கே இழுக்கும். பாறை வேறு. பெரிய படகுகளே வழிகாட்டி வைத்து, நேரம் பார்த்துக் கடக்கின்றன. 2025 ஏப்ரலில் திறந்த பாலத்தை மேலே சாலைப் பாலத்தில் நின்று படம் எடுங்கள். தனுஷ்கோடி அரிச்சல்முனையும் அப்படித்தான். இரண்டு கடல் மோதும் இடம், அங்கே குளிக்க இறங்குவதே தப்பு.

அரியமான் அலை
பாருங்கள், பாம்பன் ஆபத்து, தனுஷ்கோடி ஆபத்து என்று இவரே சொல்கிறார். அப்படியானால் மிச்சம் எது? அரியமான். இடுப்பளவு.

மண்டபம் வடகரை
அந்த இடுப்பளவையே எடுத்துக்கொள்வோம். நூறு மீட்டர் என்பது எந்த மாதக் கணக்கு? பாம்பன் வடகரையில், தொண்டியில், கடல் உள்வாங்கி நாட்டுப்படகுகள் தரைதட்டி நின்ற செய்தி அடிக்கடி வருகிறதே. அன்றைக்கு அளந்தால் நூறு மீட்டரில் கணுக்கால். வாடைக்காலத்தில் தண்ணீர் ஏறி நிற்கும்போது அளந்தால் கணக்கு வேறு. மணல் மேடு வருடத்துக்கு வருடம் இடம் மாறுகிறது. நானே கயிற்றில் பாகம் போட்டு ஆழம் அளந்து பார்த்திருக்கிறேன். நடுவில் மேடு, அதற்கு இந்தப் பக்கம் பள்ளம். இடுப்பளவு என்று நம்பி இறங்குபவன் பள்ளத்தில் இறங்குவான்.

அந்த இடுப்பளவில் என்னென்ன இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். நண்டு வலைக் கயிறு. கரையோரம் கடற்பாசி வளர்க்கும் மூங்கில் தெப்பங்கள், அவற்றைக் கட்டிய கயிறுகள். மணலுக்குள் திருக்கை. வெறுங்காலோடு குதித்தால் முள் ஏறும்.

அரியமான் அலை
திருக்கைக்குப் பயந்தால் கரையில் உட்கார்ந்து சுண்டல் தின்னலாம். காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தால் அது விலகிப் போய்விடும். எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கீழக்கரை மரைக்கார்
அரியமான் தம்பி அங்கே வாடகைப் படகு விடுகிறார் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் இவ்வளவு சூடா?

அரியமான் அலை
படகு விட்டால் என்ன குற்றம்? உயிர்காப்பு அங்கி இல்லாமல் யாரையும் ஏற்றுவதில்லை. உங்கள் ஊரில் எத்தனை பேர் அங்கி போடுகிறார்கள் என்று முதலில் எண்ணிவிட்டு வாருங்கள்.

மண்டபம் வடகரை
இப்போதுதான் விஷயமே வெளியே வருகிறது. வாடகைக்கு விடுகிறவர் பாதுகாப்புச் சான்றிதழும் கொடுக்கிறார்.

மதுரைத் தம்பிக்காக மட்டும் எழுதுகிறேன், மற்றவர்கள் படிக்க வேண்டாம். தையை விடுங்கள். பங்குனி, சித்திரையில் வாருங்கள். வாடை ஓய்ந்து, கச்சான் எழுவதற்கு முந்திய இடைவெளி. விடிந்ததும் இறக்கி, வெயில் ஏறிக் காற்று கூடுவதற்குள் கரையேறுங்கள். கரைக்கு முதுகைக் கொடுத்து நின்று பாருங்கள். காற்று முகத்தில் மெல்ல அடித்தால் இறக்கலாம். பிடரியில் அடித்தால் படகை மடித்து வண்டியில் போடுங்கள், அன்றைக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும். சின்ன நங்கூரமும் கயிறும் படகில் இருக்கட்டும். கரையில் ஓர் ஆள் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். கடலோரக் காவல்படை எண் 1554, கைப்பேசியைத் தண்ணீர் புகாத பையில் வையுங்கள். ஏப்ரல் 15 முதல் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், 61 நாள். அவற்றின் அலைத் தொல்லையும் இருக்காது. எந்தக் கரை என்பது இரண்டாவது கேள்வி. காற்று எந்தப் பக்கம் என்பதுதான் முதல் கேள்வி.

மதுரை வைகை
நன்றி ஐயா. ஆனால் எனக்கு விடுமுறை தையில்தான்.

அரியமான் அலை
தையிலேயே வாருங்கள் தம்பி, நான் பார்த்துக்கொள்கிறேன். வாடை கடலிலிருந்து கரைக்குத்தான் தள்ளும், இவர் கணக்குப்படியே அது நல்லதுதானே? அதுவும் இடுப்பளவுதான்.

மண்டபம் வடகரை
மெல்ல அடித்தால் என்று எழுதியிருந்தேன். வாடை மெல்லவா அடிக்கிறது? படிக்கத் தெரியாதவருக்கு எழுதி என்ன பயன். ஞாயிறு காலை கயிறும் கம்பும் எடுத்துக்கொண்டு அரியமான் வருகிறேன். நூறு மீட்டர் அளப்போம். தைரியம் இருந்தால் வாருங்கள்.

அரியமான் அலை
வாருங்கள். ஆனால் நேரத்தை நான்தான் சொல்வேன். நீங்கள் கடல் ஏறும் பெருக்கு நேரம் பார்த்து வந்து அளப்பீர்கள்.

மண்டபம் வடகரை
கடல் இறங்கும் வற்றில் அளந்தால் எல்லாக் கடலும் இடுப்பளவுதான். பெருக்கில்தான் அளக்க வேண்டும்.

கீழக்கரை மரைக்கார்
நடுவர் வேண்டுமானால் நான் வருகிறேன். பெட்ரோல் காசு மண்டபம் தரட்டும்.

தொண்டி வத்தை
மண்டபத்துக்காரர் அளந்தால் கம்பு எந்தப் பக்கம் சாயும் என்று எனக்குத் தெரியும். மிதவையைச் சுற்றவில்லை என்று சொன்னீர்களே, எந்த மிதவை, முதல் மிதவையா இரண்டாவதா? அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.